பாசி, உப்பு, பிஎச்.டி.: ராமநாதபுரம் கடற்கரையில் வேதிப்பொறியியல் ஆராய்ச்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேதிப்பொறியியலில் பிஎச்.டி. செய்கிறேன். சொந்த ஊர் மண்டபம் பக்கம். கல்லூரி சென்னையில், ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் இங்கே கடலில். அதனால் கடற்பாசி வாங்கவும் உப்பளத்தில் தண்ணீர் பிடிக்கவும் மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே பஸ்ஸில் அலைவது வழக்கமாகிவிட்டது. போகும் இடமெல்லாம் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பாசி எடுக்கும் அக்காக்கள், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காரும் சித்தப்பாக்கள் என்று கேட்காதவர் இல்லை. அவரவர் கேட்டபடியே கேள்விகளைக் கீழே போட்டிருக்கிறேன்.

"கெமிக்கல் இன்ஜினியரிங்னா பாக்டரி வேலைதானேம்மா? அதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

பாக்டரி வேலைதான் சித்தப்பா. ஆராய்ச்சியும் அந்தப் பாக்டரிக்காகத்தான். வேதியியல் படித்தவர் ஒரு பொருளைக் கண்ணாடிக் குடுவையில் 10 கிராம் செய்து காட்டுவார். அதையே தினமும் 100 கிலோ, அதே தரத்தில், கட்டுப்படியாகிற விலையில், கழிவைக் கடலில் கொட்டாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பது எங்கள் துறை.

ஒரு உதாரணம். பாசியிலிருந்து கேரஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுக்க, காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தின் (ஆல்கலி) கரைசலில் அதை 80 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். குடுவையில் கொஞ்ச நேரத்தில் சூடு ஏறிவிடும். 1,000 லிட்டர் தொட்டியை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 50,000 கிலோகலோரி வேண்டும். காய்ந்த சீமைக்கருவேல விறகு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி பக்கம் தரும். அடுப்பில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், சூடேற்றவே 25 கிலோ விறகு. அது ஏறி முடிப்பதற்குள் சுவரோரம் கிடக்கும் பாசி குழைந்துவிடும், நடுவில் கிடப்பது வேகாமல் இருக்கும். எனக்கு ஆராய்ச்சி கிடைப்பது இந்தத் தொட்டிக்குள்தான்.

"எம்.டெக்.குக்கும் பிஎச்.டி.க்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் புராஜெக்ட்தானே?"

எம்.டெக். இரண்டு வருடம். முதல் வருடம் பெரும்பாலும் பாடங்கள், கடைசி ஒரு வருடம் ஆய்வு. பெரும்பாலும் கேள்வியை, ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடே கொடுத்துவிடுவார், நீங்கள் பதில் தேடினால் போதும். பிஎச்.டி.யில் கேள்வியையே நீங்கள்தான் செதுக்க வேண்டும். அதுவரை யாரும் சொல்லாத ஒன்றையாவது சொல்லி, வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் நின்று அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆராய்ச்சி பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் எம்.டெக்.கில் தொடங்குவது நல்லது. இரண்டு வருடத்தில் தெரிந்துவிடும்.

"அக்கா, நான் ராம்நாட்ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எனக்கு இதுல வழி இருக்கா?"

இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. எம்.எஸ்சி. முடித்து, கேட் அல்லது நெட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால், சில நிறுவனங்கள் வேதிப்பொறியியல் துறை பிஎச்.டி.க்கே எடுக்கின்றன. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். உள்ளே போனபின் வெப்பம் கடத்தல், திரவ ஓட்டம், பொருள் கணக்கு ஆகிய பாடங்களை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு முதல் வருடம் கஷ்டம்தான்.

இன்னொரு வழி, நம் பக்கத்து ஆய்வு நிலையங்கள். பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கொச்சிக்கு மாறியது 1971-ல். அதற்கு முன் அதன் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது, இன்றும் மண்டல மையம் இங்கே உண்டு. எம்.எஸ்சி. புராஜெக்டை இப்படி ஓர் இடத்தில் செய்தவர்களுக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

"மாசம் எவ்வளவு தருவாங்க? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய். மத்திய அரசு உதவித்தொகையில் பிஎச்.டி. செய்தால், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன் பிறகு 42,000. விடுதி கிடைக்காவிட்டால் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படியும் உண்டு. பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து தரும் உதவித்தொகை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உதவித்தொகையே இல்லாமல் சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சேராதீர்கள் என்பேன்.

வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் பணம் மாதாமாதம் முதல் தேதி வரும் என்று நம்பி சீட்டுப் போடாதீர்கள். சில மாதம் வராது, அப்புறம் மொத்தமாக வரும். மூன்று மாதச் செலவுக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

"எத்தனை வருசம் படிப்ப? பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா?"

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்குமேல் மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டலாம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. பிரசவம், குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஆக, கல்யாணத்தைச் சட்டம் தடுக்கவில்லை அத்தை.

எங்கள் துறையில் ஐந்து வருடம் ஆவது சகஜம். கருவி வாங்க டெண்டர், வந்த கருவியைப் பொருத்த ஆள், பொருத்தியதற்குப் பிறகு மின்சாரம் என்று முதல் வருடம் போய்விடும். கடல் பொருளில் வேலை செய்கிறவர்களுக்குப் பருவமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகைக் கடலை நம்பி யாரும் அட்டவணை போட முடியாது.

"நம்ம கடல்ல அப்படி என்ன இருக்கு, ஐந்து வருசம் ஆராய்ச்சி பண்ண?"

முதலில் தண்ணீரே இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சாப்பாட்டு உப்பு 27 கிராம் போல. மெக்னீசியம் 1.3 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம், புரோமைடு 65 மில்லிகிராம். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியைப் பார்க்கும் டிகிரி மானியை வைத்துக்கொண்டு நிற்கும் ஆளைக் கேளுங்கள், இந்த வேதியியலை அவர் எண்களாகவே சொல்லுவார். கடலிலிருந்து வரும்போது தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. காயக் காய முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். 25 டிகிரியில் உப்பு விழத் தொடங்கும். 29, 30-க்கு மேல் போனால் உப்பில் கசப்பு ஏறும் என்று தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவார்கள்.

அந்தக் கசப்புத் தண்ணீரில்தான் மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் திரண்டு கிடக்கின்றன. பொட்டாஷ் உரத்தை இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது, நாமோ அதை ஓடையில் விடுகிறோம். எடுப்பதில் சிக்கல் என்னவென்றால், காயவைத்தால் பொட்டாசியம் தனியாக வராது. மெக்னீசியத்தையும் சல்பேட்டையும் கூட்டிக்கொண்டு கலப்பு உப்பாகத்தான் வரும். அதைப் பிரிக்க எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில், எத்தனை தொட்டி என்பது முழுக்க வேதிப்பொறியியல் கேள்வி. ஒரு நல்ல பிஎச்.டி. இதில் இருக்கிறது. எடுக்க ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இறால் ஓட்டிலிருந்து கைட்டின் எடுப்பது இன்னொன்று. குடிநீர் ஆலை மற்றொன்று. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளி நன்னீராக்க 55 முதல் 65 பார் அழுத்தம் வேண்டும். ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். பாதித் தண்ணீரை நன்னீராக எடுப்பதென்றால், இயற்கை விதிப்படி அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். இடையில் இருக்கும் வித்தியாசத்தைக் குறைக்க உலகம் முழுக்க ஆள் வேலை செய்கிறார்கள். அப்புறம் பாசி. அதுதான் என் பாடு.

"ஒரு கிலோ பாசிக்கு எவ்வளவு பவுடர் கிடைக்கும்னு ஒரே வார்த்தைல சொல்லுக்கா."

ஒரே வார்த்தையில் சொல்லுகிறவரை நம்பாதீர்கள். முதலில் எந்தப் பாசி, எவ்வளவு ஈரம் என்று கேட்க வேண்டும். இங்கே தெப்பத்தில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியையே எடுத்துக்கொள்வோம். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வளர்க்கத் தொடங்கியதால் ஊரில் இன்றும் அது பெப்சி பாசிதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் கயிற்றில் விதைப்பாசியைக் கட்டி விட்டால் 45 நாளில் அறுக்கலாம். கடலிலிருந்து எடுக்கும்போது பத்துக் கிலோ, காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோவும் முழுக்கப் பாசி இல்லை. காய்ந்த கப்பாஃபைகஸைக் கையில் எடுத்தால் குச்சிமேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும், நாக்கில் வைத்தால் உப்பும் கசப்பும் சேர்ந்து வரும். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்கு 0.4 கிராம்தான் இருக்கிறது என்றேனே, அந்தப் பொட்டாசியத்தை இந்தப் பாசி தனக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. இதுபோக மணல், சிப்பித் துண்டு, கயிற்று நார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ சரக்கில் ஈரம் 35 சதவீதம் என்றால் உலர்ந்த பொருள் 65 கிலோ. உப்பும் மணலும் 20 கிலோ என்று வைத்தால் மிச்சம் 45. அதிலிருந்து காரத்தில் வெந்து, கழுவி, காய்ந்து பொடியாக வரும் கேரஜீனன் 25 முதல் 30 கிலோ. இதே சரக்கை ஈரம் 20 சதவீதம் வரை காயவைத்தால் எடை 81 கிலோவாகிவிடும், பொடி மட்டும் அதே 25, 30 கிலோதான். சதவீதம் கூடினதுபோலத் தெரியும், பாசி என்னவோ அதேதான். ஆய்வுக்கட்டுரைகளில் பாதிச் சண்டை இதனால் வருகிறது. கரையில் வியாபாரியோடு நடக்கும் சண்டையில் முக்கால்வாசியும் இதனால்தான்.

"சாப்பிடுற பொருள்ல எதுக்குக் காரத்தை ஊத்துறீங்க?"

கேரஜீனன் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. பாசியிலிருந்து வந்தபடியே இருந்தால் அந்தச் சங்கிலியில் அங்கங்கே கோணல்கள் இருக்கும், அந்த இடங்களில் இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள முடியாது. சூடான காரம் அந்தக் கோணலில் இருக்கும் சல்பேட்டைக் கழற்றி, சங்கிலியை நேராக்குகிறது. நேரான சங்கிலிகள் முறுக்கிக்கொண்டால் கெட்டியான கூழ் கிடைக்கும்.

விலை குறைந்த காஸ்டிக் சோடா போதாதா என்று அடுத்த கேள்வி வரும். சோடாவில் கேரஜீனன் சுடுநீரில் கரைந்து வெளியே ஓடிவிடும். பொட்டாசியம் இருந்தால் பாசிக்குள்ளேயே கூழாக உட்கார்ந்துவிடும், அதனால் காரத்தை வடித்துவிட்டுப் பாசியை அப்படியே கழுவலாம். காரம் போகும்வரை கழுவினபிறகுதான் உணவுக்குப் போகிறது. ஐஸ்கிரீம், சாக்லேட் பால் பாக்கெட்டின் பின்பக்கம் 407 என்ற எண் இருந்தால் அது இதுதான். பாசிச் சக்கையோடு சேர்த்து அரைத்த ரகத்துக்கு 407ஏ.

"இத்தன வருசமா பாசியக் காயவச்சு வெளியூருக்கே அனுப்புறோம். இங்கயே பாக்டரி போட்டா என்ன?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 127.71 கோடி ரூபாய். ஆக, முயற்சி இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கழுவும் வேலையை நினைத்துப் பாருங்கள். காரத்தில் வெந்த பாசியை நன்னீரில்தான் கழுவ வேண்டும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளை எண்ணிக்கொண்டு, வராத நாளில் குடம் விலைக்கு வாங்கும் ஊரில், பாசி கழுவ நன்னீர் எங்கிருந்து வரும்? இடம், பணம், ஆள் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் நிற்கிறது. என் ஆய்வே இந்தக் கழுவல்தான்.

கணக்கு இப்படி. வடித்தபிறகும் பாசி ஒரு லிட்டர் காரக் கரைசலைப் பிடித்து வைத்திருக்கிறது என்போம். 9 லிட்டர் நன்னீரை மொத்தமாக ஊற்றிக் கலக்கி வடித்தால், பத்தில் ஒரு பங்கு காரம் உள்ளே மிஞ்சும். அதே 9 லிட்டரை மூன்று மூன்றாகப் பிரித்து மூன்று தடவை கழுவினால் 64-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதேதான், பிரித்ததில் இவ்வளவு லாபம்.

அதைவிடச் சிக்கனமான வழி எதிரெதிர்க் கழுவல். தண்ணீர் கஷ்டம் பார்த்த வீடுகளில், ஒரு பாத்திரத்தின் கடைசி அலசல் தண்ணீரை அடுத்த பாத்திரத்தின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதேதான். மூன்று தொட்டி. புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் மட்டும் விழும், அங்கிருந்து முன்னால் இருக்கும் தொட்டிக்கு வரும். பாசி எதிர்த்திசையில் போகும். இப்படிச் செய்தால் 3 லிட்டர் நன்னீரிலேயே மிஞ்சும் காரம் 40-ல் ஒரு பங்குக்கு வந்துவிடும். முதல் தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரிலும் காஸ்டிக் பொட்டாஷ் செறிவாக இருப்பதால் அதைத் திரும்ப வேகவைக்கும் தொட்டிக்கே அனுப்பலாம். காகிதத்தில் எல்லாம் சுலபம். நிஜத்தில் கழுவக் கழுவப் பாசி ஊதும், ஊதினால் ஒரு லிட்டர் பிடிப்பது ஒன்றரை லிட்டர் பிடிக்கும், கணக்கு மாறும். எவ்வளவு மாறும் என்று அளப்பதில் என் நாட்கள் போகின்றன.

"போன மாசம் நல்ல கூழ் வந்துச்சு, இந்த மாசம் அதே பாசில தண்ணியா இருக்கு. என்னக்கா பண்றது?"

இது ஜூனியர்கள் போனில் கேட்பது. அதே பாசி இல்லை என்பதுதான் விடை. மழைக்குப் பின் அறுத்ததும் கோடையில் அறுத்ததும் வேறு வேறு. கடல் சூடேறினால் கப்பாஃபைகஸ் வெளுத்து, ஒடிந்து விழும் நோய் வரும். 2013, 14 வாக்கில் இந்தக் கரையில் பாசி பெருமளவு செத்ததை வளர்ப்பவர்கள் இன்னும் சொல்லுவார்கள். அந்த மாதிரி நொந்த பாசியில் கூழின் பலம் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே அறுவடையில் ஆய்வு முழுமைக்கும் வேண்டிய சரக்கை வாங்கி, மணல் உதறி, ஈரம் பார்த்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பருவ மாற்றத்தை ஆராய்வது தனி வேலை, தனி அத்தியாயம். கூழ் பலம் பார்க்கும்போதும் எப்போதும் ஒரே கணக்கு: 1.5 சதவீதம் கேரஜீனன், 0.2 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு, ஒரே வெப்பநிலையில் ஓர் இரவு. மின்சாரம் போய் ஏசி நின்ற ராத்திரியின் கூழை அளக்காமல் கொட்டிவிடுங்கள்.

"கடல்ல இறங்கி சாம்பிள் எடுக்க யார்கிட்டக் கேக்கணும்?"

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு பிடி பாசிகூட எடுக்கக் கூடாது. அனுமதி வரத் தாமதமாகும், அதை ஐந்து வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருப்பவை. வலையில் தானாக வந்தது என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வளர்ப்புப் பாசி வேண்டுமென்றால் தெப்பக்காரர்களிடம் விலை கொடுத்து வாங்குவதே நேர்வழி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை போன்ற இயற்கைப் பாசிகள் வேண்டுமென்றால், மூச்சை அடக்கி மூழ்கி எடுக்கும் அக்காக்களிடம் பேசுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடலுக்குப் போவார்கள், அந்த நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் கிடைப்பது அகர், கட்டக்கோரையில் அல்ஜினேட். கேரஜீனன் இவற்றில் வராது. ஆராய்ச்சிதானே என்று இலவசமாகக் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம், சந்தை விலையைக் கொடுங்கள்.

"இந்த ஈரம், மணல் தொல்லையே வேண்டாம். கம்ப்யூட்டர்லயே சிமுலேஷன் போட்டு பிஎச்.டி. வாங்கிடலாமா?"

சில தலைப்புகளுக்கு முடியும். காய்ச்சி வடிப்பது போன்ற வேலைகளில், பல பத்தாண்டுகளாக அளந்து வைத்த பொருள்களுக்கு மென்பொருளிலேயே எல்லாத் தகவலும் இருக்கும். ஊதிப்போகும் பாசிக்கும் கேரஜீனன் கூழுக்கும் அப்படி எதுவும் கிடையாது. யாராவது அளந்து கொடுத்தால்தான் மென்பொருளுக்குப் போட எண் கிடைக்கும். அந்த யாராவது நீங்களாக இருந்தால், உங்கள் கட்டுரையை மற்றவர்கள் நெடுநாள் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

"கைடை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?"

அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, அவரிடம் முடித்த மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதைப் பாருங்கள். இப்போது இருக்கும் மாணவர் ஒருவரைத் தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் வேறு கைடைப் பாருங்கள். களவேலை செய்யப்போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: பஸ் செலவுக்கும் பாசி வாங்கவும் புராஜெக்டில் பணம் ஒதுக்கியிருக்கிறாரா?

"பெப்சி பாசி பவளப்பாறைய மூடிக் கொல்லுதுன்னு சொல்றாங்க. அதுலயே ஆராய்ச்சி பண்றியே, நியாயமா?"

சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தப் பாசி இந்தக் கடலுக்குச் சொந்தமில்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த விதை. ஒடிந்த துண்டிலிருந்தே திரும்ப வளரும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன்னரே 2005-ல் மாநில அரசு வளர்ப்பைப் பாக் நீரிணைப் பக்கம் போன்ற சில பகுதிகளோடு நிறுத்தி ஆணை போட்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை பெண்கள் உழைக்கும் குடும்பங்கள்.

என் நிலை இது. தீவுகளின் பக்கம் வளர்ப்பதை ஆதரிக்க மாட்டேன், அங்கிருந்து சரக்கு வாங்கவும் மாட்டேன். பாக் நீரிணையில் ஏற்கெனவே வளரும் பாசியில் கிலோவுக்குக் கூடுதல் பொருள் எடுத்தால், தெப்பத்தைப் பெருக்காமலே வருமானம் ஏறும். பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் வரும் சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் திரவ ஊக்கி, மிஞ்சும் சக்கையில் கேரஜீனன். இரண்டும் ஒரே பாசியில். இந்த எதிரெதிர்க் கழுவலும் தொட்டிகளும் அகர் பாசிக்கும் உதவும், ஆகவே நாளை கப்பாஃபைகஸை நிறுத்தினாலும் வேலை வீணாகாது. இது எல்லாருக்கும் திருப்தியான பதில் இல்லை என்று தெரியும். கேட்டவர் ஒரு வனத்துறை ஊழியர், அவருக்கும் திருப்தியில்லை.

"நீ பேப்பர் போடுவ, டாக்டர் ஆவ. பாசி தூக்குற எங்களுக்கு என்னடி கிடைக்கும்?"

என் ஆய்வுக்கட்டுரையால் நேரடியாக எதுவும் கிடைக்காது அக்கா, இதை மழுப்பி என்ன ஆகப்போகிறது. இயற்கையாகக் கிடைக்கும் உயிர்ப்பொருளை ஒரு நிறுவனம் வணிகமாக்கினால் பலனில் பங்கு தர வேண்டும் என்று 2002 பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. அந்தப் பங்கு கரைவரை வந்து சேரச் சங்கமாக நின்று கேட்க வேண்டியிருக்கும்.

இப்போதைக்குக் கையில் கொடுக்கக்கூடியது ஈரக் கணக்குதான். பாசியை மணலில் பரப்பாமல், வலையைக் கம்பில் கட்டி அதன்மேல் காயப்போட்டால் மணல் சேராது, கீழிருந்தும் காற்றுப் படும். விற்பதற்கு முன் ஈரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துச் சிறிதாக நறுக்கி, சமையல் தராசில் 100 கிராம் நிறுங்கள். அகலமான சட்டியில், மிகச் சின்னத் தீயில், கருகாமல் கிளறிக்கொண்டே இருங்கள். கருகினால் பாசியே எரிந்து எடை தப்பாகக் குறையும். அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள், இரண்டு தடவை ஒரே எடை வந்தால் போதும். 64 கிராம் நின்றால் ஈரம் 36. ஆய்வகத்தில் 105 டிகிரி அடுப்பில் செய்வதும் இதேதான், ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கும். ஈரம் 45 என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைத்தால், அவர் மூட்டையிலிருந்தே இன்னொரு 100 கிராம் எடுத்து அவர் கண்ணெதிரே சட்டியில் போடுங்கள்.